தேமல் பிடித்த தென்னை

ஒரு சொட்டு விட்டாகிவிட்டது. இன்னும் ஊறவில்லை. நீரஜா மூக்கு மரத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, பேனாவுக்கு மை நிரப்பும் குழாயால் இன்னொரு சொட்டுத் தண்ணீர் விடுகிறாள். அபிராமபுரத்தில் யார் வீட்டு மாமரமோ அது. காலை வேளை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள். ஆபீசுக்குக் கிளம்பியவர்கள் ஸ்கூட்டரைச் சாய்த்துச் சாய்த்து உதைக்கிறார்கள். மரப்பட்டையில் சாம்பல் நிறத்தில் அப்பிக் கிடந்த திட்டு ஒன்று, ஈரம் பட்டதும் மெல்லப் பச்சை காட்டுகிறது. "அப்பாடி, முழிச்சுண்டுட்டியா?" என்று அதனிடம் கேட்டுவிட்டு, பேனாக்கத்தி நுனியால் நகத்தளவு பெயர்த்தெடுக்கிறாள். அது ஒரு கல்யாணப் பத்திரிகை உறைக்குள் போகிறது. மஞ்சள் தடவிய மூலைக்குப் பக்கத்தில் தெருவின் பெயரை எழுதுகிறாள்.

"இன்னாம்மா, இது இன்னா வியாதிக்கு?" என்று கேட்கிறாள் கீரைக்காரி, கூடையை இறக்காமலே.

"மருந்தில்லேம்மா. படிப்புக்கு."

"இந்த வயசுலயா?"

வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மயிலாப்பூர்ப் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் ரசாயன டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. எந்தப் புடவையைக் கட்டினாலும் முந்தானையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை இருக்கும். மாணவிகள் ஆசிட் ஊற்றும் அழகுக்கு அத்தாட்சி. "புதுப் புடவை எடுத்துக் குடுத்தா ஒரு வாரத்துல சல்லடையா ஆக்கிண்டு வந்துடுவா" என்று மன்னி ஜானு அங்கலாய்ப்பாள். அண்ணா ஸ்ரீரங்கன் வீட்டில்தான் நீரஜாவுக்கு வாசம். கல்யாணம் நடக்கவில்லை, அவ்வளவுதான். அதைப் பற்றித் துருவுகிறவர்களிடம், "அதனால என்ன, பத்திரிகைக் கவர் மட்டும் நிறைய வந்துண்டிருக்கு" என்பாள். கேட்டவர்கள் அதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை.

மரத்தில் அப்பி வளரும் இந்தத் திட்டுக்களுக்குப் புத்தகத்தில் லைக்கன் என்று பெயர். குழம்புக்கு வாசனையாகப் போடுகிற கல்பாசி இதற்குப் பங்காளி முறை. ஆனால் பாசி என்று சொன்னால் ஜனங்கள் தெப்பக்குளத்தைத்தான் நினைக்கிறார்கள். அதனால் நீரஜா பெயரை விட்டுவிட்டுக் குடும்பத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். "ஒரு காளானும் ஒரு பாசியும் சேர்ந்து பண்ற குடித்தனம் இது. காளான் இடம் குடுக்கறார். பாசி சமைச்சுப் போடறா. வேர்னு ஒண்ணு கிடையாது, மண்ணுலேருந்து எதுவும் எடுத்துக்கறதில்லே. காத்துலயும் மழையிலயும் என்ன வரதோ அதுதான் சாப்பாடு. நல்லது கெட்டது பார்க்காம எல்லாத்தையும் உள்ளே வச்சுப் பூட்டிக்கும்." மாம்பலத்தில் பத்துக்குப் பத்து அறையில் ஒண்டுக் குடித்தனம் இருக்கிற ஒருவர் இதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, "வாடகை எவ்வளவாம்?" என்று விசாரித்தார். மனுஷனுக்கு அவர் கவலை.

அந்தப் பூட்டி வைக்கிற குணத்தை நம்பித்தான் அவளுடைய ஆராய்ச்சியே. கார், பஸ் புகையிலிருந்தும், பட்டறைகளில் பழைய பேட்டரித் தகட்டை உருக்குகிற புகையிலிருந்தும் லெட் என்கிற உலோகம் காற்றில் கலக்கிறது. பார்வைக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. உடம்பில் சேர்ந்தால் ரத்தத்தைக் கெடுக்கும். குழந்தைகளானால் மூளையிலேயே கை வைக்கும். எந்தத் தெருவில் எவ்வளவு லெட் இருக்கிறது என்று மரத்தைக் கேட்டால் சொல்லிவிடும், மரத்தின் மேலிருக்கிற லைக்கன் சொல்லிவிடும், என்பது நீரஜாவின் கட்சி. பகலெல்லாம் பிள்ளைகளுக்கு உப்புச் சோதனை காட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் இப்படி ஊர் மரங்களைச் சுரண்டிச் சுரண்டி டாக்டர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

சும்மா விடுவார்களா? தியாகராய நகரில் ஒரு நகைக்கடையின் பின்புறம் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றபோது காவல்காரன் பிடித்துக்கொண்டான். உறையைப் பிரித்து மோந்து பார்த்து, மூக்குப்பொடி என்று நினைத்து இழுத்துத் தும்மி, ஏக களேபரம். முதலாளி ராஜரத்தினம் திருநெல்வேலிக்காரர், வெளியே வந்து விஷயத்தைக் கேட்டார். "ஏம்மா, மரத்துல தங்கம் கிங்கம் இருக்கா?" என்றார். "லெட்தான் இருக்கு" என்றாள் நீரஜா. "அப்பம் நீங்களே எடுத்துக்கிடுங்க" என்று சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பினார். கோயில் மரங்களில் மட்டும் கத்தி வைக்கமாட்டாள். பிரகாரம் சுற்றும்போது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுவிடுவாள். கட்டாவிட்டால் கை தானாகப் பைக்குள் போய்விடுமே என்கிற பயம்.

வீட்டிலும் வம்புதான். மன்னி பூஜைக்கு வைத்திருக்கும் செம்பருத்தியில் பாதி காணாமல் போகும். இதழை வெள்ளைத் தாளில் தேய்த்துக் காயவைத்தால் ஊதா நிறத்தில் ஒரு தாள் கிடைக்கும்; புளிப்பான எதில் தோய்த்தாலும் அது சிவந்துவிடும். கல்லூரி ஸ்டோரில் லிட்மஸ் கேட்டுக் கெஞ்சுவதைவிட இது சுலபம். மழை வந்தால் ஊரே உள்ளே ஓடும். நீரஜா டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவாள். மழைநீரில் செம்பருத்தித் தாளை நனைத்துப் பார்ப்பாள். "மழை புளிச்சிருக்கான்னு பாக்கறாளாம். மாவா இது, புளிக்கறதுக்கு?" என்று மன்னி தலையில் அடித்துக்கொள்வாள்.

இவ்வளவு மரங்களில் நீரஜாவின் செல்லம் திருவான்மியூரில் கடற்கரைப் பக்கம், புஷ்பம் வீட்டுக் கொல்லைத் தென்னை. புஷ்பத்துக்கு ஆப்பக்கடை. வாசலில் ஓலைச் சார்ப்பு இறக்கி, ஆப்பச்சட்டியைச் சுழற்றிக்கொண்டே தெருவின் நியாய அநியாயங்களைத் தீர்த்து வைப்பாள். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் கருணாகரன் என்பவர் பல வருஷங்களாகப் பேட்டரிப் பட்டறை நடத்திக்கொண்டிருந்தார். லாரி பேட்டரிகளை உடைத்துத் தகடுகளை உருக்குகிற பட்டறை. அந்தப் புகையெல்லாம் காற்றடித்து இந்தத் தென்னை மேல்தான் இறங்கும். அடியிலிருந்து கழுத்து வரை வெள்ளையும் சாம்பலுமாய்த் திட்டுக்கள். ஊரில் வேறு எந்த மரமும் இவ்வளவு லெட் சேர்த்து வைக்கவில்லை.

மூன்று வருஷம் முன்பு நீரஜா முதல் தடவை போனபோது, புஷ்பம் கையில் அரிவாளோடு மரத்தடியில் நின்றிருந்தாள். "மரத்துக்குத் தேமல் வந்துகினு கீது, டீச்சரம்மா. சொரண்டிட்டு சுண்ணாம்பு அடிக்கப் போறேன்."

"ஐயையோ, சுரண்டாதீங்கோ! உங்களுக்குக் கோடிப் புண்ணியம். எனக்கு இது வேணும்."

"தேமலா வோணும்?"

தேமல் எதற்கு என்று நீரஜா விளக்கினாள். லெட் என்று சொன்னால் அந்த அம்மாளுக்குப் புரியாதே என்று, மரியாதையாகத் தமிழிலேயே சொன்னாள். "இந்தத் தேமலுக்குள்ள ஈயம் இருக்கு புஷ்பம். காத்துல வர ஈயத்தையெல்லாம் இது பிடிச்சு வச்சிருக்கு."

"ஈயமா!" புஷ்பத்தின் கண் விரிந்தது. அரிவாளை அப்படியே கூரையில் செருகிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த மரத்தில் ஆணி அடிக்கக்கூட ஒருவரையும் விட்டதில்லை. தன் விளக்கத்தின் சாமர்த்தியம்தான் அது என்று நீரஜா நினைத்துக்கொண்டாள். பாவம், நினைக்கத்தானே செய்வாள்.

அந்தத் தென்னைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கடலோரத்து வீடுகளில் செய்வதுதான். மழைக்காலத்தில் மரத்தின் இடுப்பில் ஒரு தென்னோலையைச் சுற்றிக் கட்டி, நுனியைக் கீழே தொங்கவிடுவார்கள். மட்டையில் விழுகிற மழையெல்லாம் தண்டோடு வழிந்து வந்து, ஓலை வழியாகக் குடத்தில் இறங்கும். நல்ல மழையென்றால் ஒரு பாட்டம் ஓய்வதற்குள் குடம் நிறைந்துவிடும். நீரஜா போகிறபோதெல்லாம் அந்தக் குடத்தைப் பார்த்திருக்கிறாள். அந்தத் தண்ணீரில் புஷ்பம் சட்டி கழுவுவதையும் பார்த்திருக்கிறாள்.

பிறகு அந்தப் பஞ்ச வருஷம் வந்தது. எழுபத்தைந்து. குழாயில் காற்று வந்தது. கிணற்றில் உப்பு வந்தது. லாரி வந்தால் தெருவே கட்டிப் புரண்டது. கருணாகரன் பட்டறையை ஊருக்கு வெளியே எங்கோ மாற்றிக்கொண்டு போய் அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. "பொக போச்சு, சனியன் வுட்டுச்சு" என்று புஷ்பம் தேங்காய் உடைத்தாள். அதே இடத்துக்கு அந்த வருஷக் கோடையில் துணிச் சாயப்பட்டறை ஒன்று வந்தது. கொப்பரை கொதிக்க அவர்கள் கறுப்பாய்க் குழம்பு மாதிரி ஓர் எண்ணெயை எரித்தார்கள். அதில் லெட் இல்லை. கந்தகம் இருந்தது.

ஐப்பசி மழை பிடித்த இரண்டாம் வாரம், நீரஜா தென்னையிலிருந்து கிள்ளி வந்த திட்டைக் கரைத்துப் பார்த்தாள். போன வருஷம் இருந்ததில் பாதிகூட இல்லை. மறுபடி பார்த்தாள். அதே கதை. புதிதாக லெட் வராதது சரி, பட்டறைதான் போய்விட்டதே. உள்ளே பூட்டி வைத்திருந்தது எங்கே போயிற்று? அன்று சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. "ரசத்துல சாதத்தைப் போட்டுண்டு மோரைத் தேடறா" என்று மன்னி அண்ணாவிடம் கண்ணைக் காட்டினாள்.

திருவான்மியூர் மழையில் நனைத்த செம்பருத்தித் தாள் பைக்குள் இருந்தது. அபிராமபுரத்து மழையில் வெறும் ஊதாவாக இருக்கிற தாள், அங்கே சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் பொறி தட்டியது. கல்லூரியில் புனலில் திட்டுக்களை வைத்து முதலில் வெறும் தண்ணீரை விட்டாள். வழிந்த நீரில் பச்சை நிற மருந்து ஒன்றைச் சேர்த்துக் குலுக்கினாள். லெட் இருந்தால் அது செக்கச் செவேலென்று மாறும். பச்சை பச்சையாகவே நின்றது. அடுத்து, துளி ஆசிட் சேர்த்து, திருவான்மியூர் மழை அளவுக்குப் புளிக்க வைத்த தண்ணீரை விட்டாள். குலுக்கிய குடுவை சிவந்தது. இன்னொரு முறை விட்டாள். சிவப்பு. இன்னொரு முறை. சிவப்புதான். பித்தளைப் பாத்திரத்தில் புளி கரைத்து வைத்தால் களிம்பு இறங்குவது சமையல்கட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. லைக்கனுக்குள்ளும் அதே கதைதான். புளிப்பு உள்ளே வந்து உட்கார்ந்தால், அங்கே வருஷக்கணக்காகக் குடியிருந்த லெட் இடத்தைக் காலி செய்துவிட்டு வெளியே நடக்க வேண்டியதுதான்.

அவளுக்கு வழிகாட்டி பேராசிரியர் மாணிக்கவாசகம். அவர் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "பிரமாதம்மா! இதுதான் தீசிஸ். இத்தனை நாள் பண்ணதெல்லாம் முன்னுரை. இந்த மழைக்காலம் முழுக்க, ஒவ்வொரு மழைக்கும் அந்த மரத்துலேர்ந்து எடுத்துட்டு வாங்க. எவ்வளவு வேகமாக் குறையுதுன்னு காட்டினாப் போதும். வேற மரத்துல இந்த அளவுக்கு லெட் கிடையாது, அதனால அந்த ஒரு மரத்தைப் பத்திரமாப் பாத்துக்குங்க."

நீரஜாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்லூரியில் இத்தனை வருஷத்தில் அவரிடம் பிரமாதம் வாங்கியவர்கள் அதிகமில்லை. பாட்டு மாதிரி எதையோ முணுமுணுத்துக்கொண்டே குடுவைகளைத் தொட்டியில் கவிழ்த்தாள். சிவந்த நீர் சுழன்று ஓட்டையில் இறங்கிற்று. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கீழே போகிறது. இங்கே தொட்டி, சாக்கடை. அங்கே? தண்டு, ஓலை, குடம்.

'சட்டிதானே கழுவுகிறாள்' என்று ஒரு கணம் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த கணமே குடிக்கத் தண்ணீர் இல்லாத வருஷம் இது என்பது நினைவுக்கு வந்தது. கைக்குட்டையை எடுக்கவில்லை, குடையை எடுக்கவில்லை. மழையிலேயே ஓடிப்போய்த் திருவான்மியூர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டாள்.

புஷ்பம் ஆப்பச்சட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். "இன்னா டீச்சரம்மா, தொப்பலா நனஞ்சுகினு வர்றே! மரம் எங்கனா ஓடிப்பூடுமா?"

"புஷ்பம், அந்தக் கொடத்துத் தண்ணியை என்ன பண்றேள்?"

"எந்தக் கொடம்? தென்ன மரத்துதா?" புஷ்பத்தின் முகத்தில் பெருமை பொங்கிற்று. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அத்த யாருக்கும் தர்றதில்லம்மா. கடைக்கு லாரித் தண்ணி. எனுக்கும் எம் புள்ளைக்கும் லாரித் தண்ணி. இது எம் மருமவளுக்கு மட்டும். சுந்தரவல்லிக்கு ஏழாம் மாசம் நடக்குது இல்ல?"

"ஏன் அவளுக்கு மட்டும்?" என்று கேட்டாள் நீரஜா.

"இன்னாம்மா நீயே கேக்குறே? நீதானே சொன்னே, மரத்துல ஈயம் கீதுன்னு! நான் அடையார்ல ஐயர் வூட்ல பாத்திரம் தேச்சுக்கினு இருந்தவ. ஈயச் சொம்புலதான் ரசம் வெப்பாங்க. அந்த ரசத்துக்கு ஒரு வாசன கீது பாரு! ஒடம்புக்கு அம்மாம் நல்லதாம். சொம்பத் தொடக்கூட என்னை வுட மாட்டாங்க. காலியா அடுப்புல வெச்சா உருகிப்பூடுமாம். நம்மளால அந்தச் சொம்பு வாங்க முடியுமா? தெய்வமாப் பாத்து மரத்துல வெச்சுக் குடுத்துகீது. வவுத்துப் புள்ளைக்குச் சேரட்டுமேன்னு, மழ ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அவளுக்கு இதான்."

அடக் கடவுளே! அன்று காலை மன்னி ஈயச் சொம்பில் ரசம் வைத்ததும், தான் இரண்டு முறை வாங்கிக் குடித்ததும் நீரஜாவின் கண்முன் வந்தன. அதுவும் ஈயம்தான். அது வெள்ளீயம், வயிற்றுக்கு ஒரு தொல்லையும் செய்யாது. மரத்தில் இருப்பது காரீயம். தமிழில் இரண்டையும் ஈயம் என்று சொல்லிவிடலாம். அவளும் அப்படித்தான் சொல்லித் தொலைத்திருந்தாள்.

"புஷ்பம், அது வேற இது வேற. எங்காத்துச் சொம்பு வெள்ளீயம். இது காரீயம். பேர்தான் ஒண்ணு. இது விஷம். வயித்துல இருக்கற குழந்தைக்கு ரொம்பக் கெடுதல்."

ஆப்பம் கருகும் வாசனை வந்தது. புஷ்பம் சட்டியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்த சுந்தரவல்லியின் கையில் டம்ளர் இருந்தது. மாமியார் அதைத் தட்டிவிட்ட வேகத்தில் அந்தப் பெண் மிரண்டுபோனாள். "ஏன்த்தே? நான் இன்னா பண்ணேன்?" என்று அழ ஆரம்பித்தாள்.

"நீ ஒண்ணும் பண்ணல கண்ணு." புஷ்பம் திரும்பினாள். அப்படி ஒரு கோபத்தை நீரஜா யார் முகத்திலும் பார்த்ததில்லை. "காரீயம்னு முழுசாச் சொல்றதுக்கு இன்னாம்மா கேடு உனுக்கு? அந்த 'கா'வச் சேத்துச் சொன்னா உன் வாயி வலிச்சுடுமா? மூணு வருசமா வந்துகினு போய்க்கினு கீறியே, ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, இது ஆவாதுன்னு சொன்னியா?"

"தப்புதான். என் தப்புதான்." உருண்டு கிடந்த டம்ளரை நீரஜா குனிந்து எடுத்தாள். "ஆனா இத்தனை நாள் அது வெளியில விட்டதில்லே புஷ்பம், பிடிச்சுண்டுதான் இருந்தது. இப்பத்தான் மழை புளிச்சுப்போச்சு. அந்தச் சாயப்பட்டறைப் புகையில கந்தகம் இருக்கு. அது மழையோட சேர்ந்து ஆசிட்டா எறங்கறது. அந்தப் புளிப்பு தேமலுக்குள்ள இருக்கறதைக் கரைச்சுக் கொண்டுவந்து கொடத்துல விட்டுடறது."

"ஒவ்வொரு மழைக்கும் மொதக் கொடத்தக் கீழ ஊத்திட்டுத்தாம்மா குடுத்தேன்!" புஷ்பம் கிட்டத்தட்டக் கெஞ்சினாள். "காக்கா எச்சம், தூசி, எல்லாம் அதோட பூடும்னு..."

"ஒரு கொடத்தோட போகாது. நான் பாத்தேன். கழுவக் கழுவ வந்துண்டேதான் இருக்கு."

சுந்தரவல்லி முந்தானையைக் கடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளை அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், குடித்தது காரீயம் கலந்த தண்ணீர் என்று டாக்டரிடம் தன் வாயாலேயே சொன்னாள் நீரஜா. ரத்தம் எடுத்தார்கள். "இதோட நிறுத்தினீங்களே, அது நல்லது. இனிமே ஒரு வாய்கூடக் கூடாது" என்றார் டாக்டர். அதற்கு மேல் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் நீரஜா, "முதல்ல அந்த ஓலையை அவுத்துடலாம்" என்றாள்.

புஷ்பம் கசப்பாகச் சிரித்தாள். "நான் அவுத்தா? நாந்தான் தெரு முச்சூடும் சொல்லி வெச்சுகீறேனே, எங்க மரத்துது ஈயத் தண்ணின்னு! பக்கத்தூட்டு ஜஹீதா தெனம் ஒரு சொம்பு கேக்குது, அதுக்கு ரெண்டு கைப்புள்ள. லாரி வர்லன்னா எவளாவது வந்து கட்டிக்கினு போவா. நான் ஆப்பத்த வுட்டுட்டு மரத்துக்குக் காவல் குந்த முடியுமா? வெசம்னு சொன்னா, தர மனசில்லாத சொல்றான்னுவாங்க." தென்னையை அண்ணாந்து பார்த்தாள். "வெட்டிடட்டா?"

"மரம் என்ன பண்ணித்து, பாவம்? தேமலை எடுத்துடலாம். அடியிலேருந்து நுனி வரைக்கும்."

"நீதான சொரண்டாதேன்னு கெஞ்சினே?"

"நான்தான். இப்ப சுரண்டணும்னு நான்தான் சொல்றேன்."

"உன் பரீட்ச?"

நீரஜா அதைக் காதில் வாங்காதவள்போல் ஓலைக்கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள். பேராசிரியரிடம் மறுநாள் காலை போய்ச் சொன்னாள். "ஒரே ஒரு மழைக்காலம் பொறுக்கலாமேம்மா" என்றார் அவர். கெட்டவர் இல்லை, அவள் நல்லதுக்குத்தான் சொன்னார். "சுவரெழுப்பி வேலி கட்டிக்கலாம், தண்ணி எடுக்காம பாத்துக்கலாம். மறுபடியும் இந்த மாதிரி மரத்துக்கு எங்கே போவீங்க?" அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அந்தத் திட்டு ஒரு கை அகலத்துக்கு வளர எத்தனை வருஷம் பிடித்திருக்கும் என்று அவரைவிட அவளுக்கே நன்றாகத் தெரியும். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் திருவான்மியூருக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மழை விட்டு வெயில் அடித்தது. சுந்தரவல்லியை ஜஹீதா வீட்டுக்கு அனுப்பிக் கதவைச் சாத்தச் சொன்னாள். தூசு பறக்காமல் இருக்க மரத்தைக் குடம் குடமாய்க் கிணற்று உப்புத் தண்ணீரால் நனைத்தார்கள். அடியில் சாக்கு விரித்தார்கள். முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள் நீரஜா, புஷ்பத்துக்கும் கட்டிவிட்டாள். காய் பறிக்க வருகிற ஆள் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கழுத்து வரை ஏறி, மேலிருந்து தேய்த்துக்கொண்டே இறங்கினான். தரையில் நின்று கைக்கு எட்டுகிற பாகம் நீரஜாவுடையது. ஒரு நகத்தளவு எடுப்பதற்கு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காத்திருக்கிறவள், தேங்காய்நாரைச் சுருட்டி வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் தேய்த்தாள். ஈரத்தில் பச்சை காட்டி முழித்துக்கொண்ட திட்டுக்கள் குழைந்து, கூழாகி, சாக்கில் விழுந்தன. கண்ணில் நீர் வழிந்தது. உப்புத் தண்ணீர் தெறித்தது என்றாள். தெறித்திருக்கலாம்.

பொழுது சாய்வதற்குள் மரம் மொட்டையடித்த தலை மாதிரி நின்றது. வேடிக்கை பார்க்க வந்த தெருவுக்குப் புஷ்பம் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "காரீயம்டி. காரீயம். 'கா'வச் சேத்துச் சொல்லு." நீரஜா சொன்னதைச் சேர்த்துக்கொண்டாள்: இன்னும் ரெண்டு மூணு மழை தரையில் போகட்டும், டீச்சரம்மா மருந்து ஊற்றிப் பார்த்து நல்லதென்று சொல்லுகிற வரைக்கும் ஒருத்தரும் வாயில் வைக்கக்கூடாது.

கடைசியில் மார்பளவு உயரத்தில் ஒரே ஒரு திட்டு பாக்கியிருந்தது. நீரஜாவின் நார் அதன் அருகே வந்ததும், புஷ்பம் குறுக்கே வந்து உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டாள்.

"இத்த மட்டும் வுடு, டீச்சரம்மா. கையகலந்தான கீது. உன் பரீட்சைக்கு வோணும். இதுல எம்மாந் தண்ணி எறங்கிடப் போவுது?"

நீரஜாவின் கை நின்றது. அந்தக் கையகலம் போதும். மழைக்காலம் முழுவதும் கிள்ளிக் கிள்ளி எடுத்தாலும் போதும்.

ஜஹீதாவின் வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்தது. சுந்தரவல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "அத்தே, முடிஞ்சிதா?" என்றாள்.

நீரஜா புஷ்பத்தின் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து, கையை மரத்திலிருந்து எடுத்துத் தன் இடது கைக்குள் வைத்துக்கொண்டு, வலது கையால் அந்த இடத்தை அழுத்தித் தேய்த்தாள்.